குழந்தையே சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்: கண் பரிசோதனையில் நேரும் தவறுகள்

பார்வையில் குறை இருந்தால் குழந்தை தானாக வந்து சொல்லிவிடும் என்று நம்புவதுதான், இந்த விஷயத்தில் பெற்றோர் செய்யும் தவறுகளிலேயே பெரியது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்து வளர்ந்த குழந்தைக்கு உலகமே அப்படித்தான் இருக்கிறது. தெளிவு என்றால் என்னவென்று அறியாத அது எதை ஒப்பிட்டுக் குறை சொல்லும்? ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்திருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நல்ல கண்ணே இரண்டு கண்களின் வேலையையும் செய்துவிடுவதால் குழந்தை ஓடும், படம் வரையும், தரையில் விழுந்த ஊசியையும் தேடி எடுத்துத் தரும். வீட்டில் யாருக்கும் ஐயம் எழாது.

அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பதை அறிந்தால் தாமதத்தின் விலை புரியும். பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலையல்ல. இரு கண்களும் அனுப்பும் பிம்பங்களை இணைத்துப் பொருள் கொள்ள மூளை முதல் சில ஆண்டுகளில் பழகிக்கொள்கிறது. ஒரு கண்ணிலிருந்து மங்கலான பிம்பமே வந்துகொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைப் படிப்படியாகப் புறக்கணிக்கத் தொடங்கும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்தக் குறைபாடு, தோராயமாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்கு இருக்கிறது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து, இளமையில் பயன்படாத கண்ணின் தொடர்பை மூளை எப்படி இழக்கிறது என்று காட்டிய டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். 7 அல்லது 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாகக் கிடைக்கும். அதற்குப் பிறகும் முயலலாம், ஆனால் முன்னேற்றம் குறைவாகவே இருக்கும். வளர்ந்த பின் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும், பழகாத மூளைக்கு அது பார்வையைத் தந்துவிடாது.

சிகிச்சையில் முதலில் தேவையான கண்ணாடியைக் கொடுப்பார்கள். அது போதாதபோது நல்ல கண்ணைப் பட்டையால் மூடி, குறையுள்ள கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். குழந்தை அழுகிறதே என்று பட்டையை எடுத்துவிடும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடுத்தரக் குறைபாட்டுக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடினாலே, 6 மணி நேரம் மூடுவதற்கு ஈடான பலன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கதை கேட்கும் நேரத்தையும் வண்ணம் தீட்டும் நேரத்தையும் அதற்கு ஒதுக்கினால் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கிறவர்கள், குழந்தையிடம் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்வதுண்டு. விரலிடுக்கு வழியாக அது எட்டிப் பார்த்துவிடும்; பெற்றோரும் நிம்மதி அடைந்துவிடுவார்கள். இரண்டு கண்களையும் தனித்தனியே, முறையாக மூடிப் பார்க்கும் பரிசோதனை 3 முதல் 5 வயதுக்குள் ஒரு முறையாவது நடக்க வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைக்கும் படங்களைக் கொண்டு பார்வையை அளக்க முடியும் என்பதால், படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று தள்ளிப்போடத் தேவையில்லை. குறைமாதத்தில் பிறந்த, எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கோ, பிறந்து சுமார் 4 வாரங்களில் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

மாறுகண் வளர வளரச் சரியாகிவிடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. 4 மாதத்துக்குப் பிறகும் விலகினால் காட்டிவிட வேண்டும். மூக்குத்தண்டு அகன்றிருப்பதால் மாறுகண் போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு என்றாலும், அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

பரிசோதனையின்போது சொட்டு மருந்து வேண்டாம் என்று மறுப்பதும் சரியன்று. குழந்தைகளின் கண் வில்லை மிகவும் நெகிழ்வானது. அது தன் முயற்சியால் தூரப்பார்வைக் குறையை மறைத்துவிடும், சில சமயம் இல்லாத கிட்டப்பார்வையையும் இருப்பதாகக் காட்டிவிடும். சொட்டு மருந்தால் அந்த முயற்சியைத் தளர்த்திய பிறகு அளப்பதே உண்மையான பவர். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை வெளிச்சம் கூசும், அருகில் இருப்பவை மங்கலாகத் தெரியும், பிறகு இயல்பாகிவிடும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயந்து, குறைந்த பவரில் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கிட்டப்பார்வை கூடுவதற்குக் காரணம் கண்விழி நீள்வதுதான், கண்ணாடி அல்ல. பவரைக் குறைத்துக் கொடுப்பதால் அந்த வளர்ச்சி மெதுவாவதில்லை. வகுப்பறைப் பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுவது, நாள்தோறும் 2 மணி நேரமளவு வெட்டவெளியில் பகல் வெளிச்சத்தில் விளையாடுவது.

ஒன்றை மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தையின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெண்மையாகவும் மின்னினாலோ, அது பிறவிக் கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கக்கூடும். பெரும்பாலும் ஒளி விழுந்த கோணம்தான் காரணமாக இருக்கும். ஆயினும் அதை உறுதிசெய்ய வேண்டியவர் கண் மருத்துவர்; அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே அவரிடம் போங்கள்.