மெயில்சிம்ப் பட்டியலை மொத்தமாக எடுக்கும்போது

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பிலிருந்து, அதன் ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வழி) மூலம் வாடிக்கையாளர் பட்டியலை எடுப்பவர்கள் முதலில் 'கவுண்ட்' என்ற அளவுருவைப் பாருங்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு கோரிக்கைக்கு 10 பதிவுகள்தான் வரும். அதிகபட்சம் 1000 வரை கேட்கலாம். 50,000 பேர் உள்ள பட்டியலுக்கு 5000 முறை அழைப்பதற்குப் பதில் 50 முறை போதும். எத்தனை பதிவுகளைத் தாண்டித் தொடங்குவது என்று சொல்லும் 'ஆஃப்செட்' மதிப்பை ஒவ்வொரு முறையும் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஆனால் 1000 பதிவுகளை முழு விவரங்களோடு கேட்டால் பதில் கனத்துவிடும். 120 வினாடிக்குள் முடியாத கோரிக்கை துண்டிக்கப்படும். அதனால் 'ஃபீல்ட்ஸ்' அளவுருவில் மின்னஞ்சல், நிலை என்று தேவையானதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு உறுப்பினரோடும் ஒட்டிக்கொண்டு வரும் இணைய முகவரிகளின் (லிங்க்) பட்டியல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை, வீண் சுமை. என் அனுபவத்தில், வேறெந்த மாற்றத்தையும்விட அதை விலக்கிய இந்த ஒன்றுதான் வேகத்தை அதிகம் கூட்டியது.

அவசரப்பட்டு ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கைகளை அனுப்பாதீர்கள். ஒரே சமயத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் போனால் 429 என்ற பிழைதான் திரும்பி வரும். அப்போது சற்றுப் பொறுத்து, இடைவெளியைக் கூட்டி மறுபடி முயலுங்கள்.

தினமும் எடுப்பவர்கள் முழுப் பட்டியலையும் தொடவே வேண்டாம். கடைசியாக எடுத்த நேரத்தைச் சேமித்து வைத்து, அதற்குப் பின் மாறிய பதிவுகளை மட்டும் 'சின்ஸ் லாஸ்ட் சேஞ்ச்ட்' வடிகட்டியால் கேளுங்கள். ஒவ்வோர் உறுப்பினரின் செயல்பாட்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டுமானால் தொகுதிக் கோரிக்கைதான் சரி: எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிட்டால், பின்னணியில் முடித்து, சுருக்கிய கோப்பாகத் தரும்.