பின் சந்தில் ஓடிய நாய் திடலில் ஏன் ஓடவில்லை? அஜிலிட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஜிலிட்டி என்றால் நாம் கூடவே ஓடி வழிகாட்ட, நாய் வரிசையான தடைகளைத் தாண்டியும் ஏறி இறங்கியும் ஓடும் போட்டி. எங்கள் கருப்பி கம்பத்து நாய், அதாவது சாதாரண நாட்டு நாய். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின் சந்தில், சிமெண்ட் அடைத்த பால் டின்களில் பிவிசி குழாய்களை நட்டு 12 வீவ் கம்பம் செய்து வைத்திருந்தேன், அதற்குள் பாம்பு போல வளைந்து ஓடுவாள். அந்த நம்பிக்கையில் முதல் போட்டிக்குக் கூட்டிப் போனேன். திடல் நிறைய கூடாரம், ஒலிபெருக்கி, எங்கே பார்த்தாலும் நாய்கள். இரண்டாவது தடையைத் தாண்டியவள் தலையைக் குனிந்து புல்லை மோந்துகொண்டே நின்றுவிட்டாள். நான் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூப்பிட இன்னும் குனிந்தாள்.

அந்தச் சத்தம்தான் தவறு. ஓட்டத்தின் நடுவே நாய் தரையை மோந்தால் பெரும்பாலும் அது பிடிவாதம் இல்லை, பதற்றம். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, நனையாமலே உடம்பை உதறுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதே ரகம். வீட்டுப் பின்னால் கற்றதை நாய் அந்த இடத்தோடு சேர்த்துத்தான் கற்கிறது. இடம் மாறினால் பாதி மறந்தது போலத்தான் நடக்கும். அதனால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே ஐந்தாறு புது இடங்களுக்குக் கூட்டிப் போய்ப் பழக்குங்கள் (எல்லாப் பூங்காவிலும் நாயை விடமாட்டார்கள், பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள்). முடிந்தால் ஒரு போட்டிக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போய், ஓரமாக உட்கார்ந்து, அவித்த கோழியை நகத்தளவு பிய்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம் நாய்க்கு விஷம், கறிக்குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் சரியில்லை.

அடுத்தது வெயில். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். நாய் நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கோலாலம்பூர் புழுக்கத்தில் அந்த ஈரம் சரியாக ஆவியாகாது, உடம்பும் குளிராது. காலையில் விடிந்த கையோடு பழக்குங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் கவனம் தேவை. நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கடும் சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால் அதோடு நிறுத்திவிடுங்கள். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி, 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே, அப்புறம் மருத்துவரிடம் ஓடுங்கள். காரில் ஏற்றிய பிறகு குளிரவைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

குட்டியை உயரத் தாண்டவைப்பது இன்னொன்று. எலும்பு நுனிகள் முற்றுவதற்கு ஒரு வருடம் ஆகும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருடம்கூட. எஃப்சிஐ (உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு) விதிப்படி 18 மாதம் ஆகாத நாய் அஜிலிட்டி போட்டியிலேயே ஓட முடியாது. பெரிய நாய்ப் பிரிவின் தடை 55 முதல் 60 சென்டிமீட்டர், அதை எட்டு மாதக் குட்டிக்கு வைத்துப் பார்க்காதீர்கள். கோலைத் தரையில் வைத்தே நிறையக் கற்றுக்கொடுக்கலாம். தாண்டப் பழக்குவது புல்லில் மட்டும், சிமெண்டில் வேண்டாம். நான் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா "உட்காரு" என்பார், நான் "சிட்" என்பேன், தம்பி மலாயில் "டுடோக்" என்பான். கருப்பி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஓடும்போது "ஜம்ப் ஜம்ப் ஜம்ப்" என்று விடாமல் சொல்வதும் பயனில்லை, நாய் நம் தோளும் கால்விரலும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டு இடப்பக்கம் போகச் சொன்னால் தப்பு நாயுடையது இல்லை.

சீசா பலகையில் (நாய் ஏறி நடக்க நடக்க மறுமுனை தாழ்ந்து தரையில் இறங்கும் பலகை) நாயை அவசரமாக ஏற்றிவிடாதீர்கள். பலகை "டப்" என்று தரையில் அடிக்கும் சத்தத்துக்கு ஒருமுறை பயந்துவிட்டால் மாதக்கணக்கில் பக்கத்தில்கூட வராது. பலகைக்கு அடியில் மெத்தை போட்டு, சத்தம் பழகப் பழக மெத்தையைக் குறையுங்கள். பலகையில் இறங்கும் இடத்தில் மஞ்சள் பூசிய பகுதியில் ஒரு பாதமாவது படவேண்டும், அங்கே நின்று இறங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவந்தால் பின்னால் திருத்தும் வேலை இல்லை.

போட்டிக்கு முன் நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். அந்த நேரத்தில் பேசிக்கொண்டு நிற்காமல், எந்தத் தடையில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள் என்று ஓடுகிற வேகத்திலேயே நடந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று, தீனியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் நீக்கிவிடுவார்கள். வெறுங்கையோடு ஓடப் பல வாரம் முன்பே பழக்குங்கள். கோழி டப்பாவை வெளியேறும் வாசலுக்கு அப்பால் வைத்துவிடுவேன், ஓட்டம் எப்படிப் போயிருந்தாலும் கருப்பி நேராக அங்கேதான் என்னை இழுத்துப் போவாள்.