ரெஸ்ட் மெஷின் கவிழ்ந்தால்

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. பின்னறையில் ஏழு டெஸ்க்டொப்புகள் லினக்ஸில் ஓடுகின்றன. வேலைகளைத் தானாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் இரவு முழுக்க அவற்றுக்கு ரெஸ்ட் (எங்கள் கோடைச் சோதிக்கும் ஓட்டம்) அனுப்பிக்கொண்டிருக்கும். கார்த்திகை மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தால், காலையில் இரண்டு மூன்று கவிழ்ந்து கிடக்கும். அவற்றை எழுப்புவது என் வேலை.

எதையும் திருத்த முதல், அந்த மெஷினை ஜென்கின்ஸில் ஓஃப்லைன் ஆக்குங்கள். செத்த மெஷினால் கரைச்சல் இல்லை, அரை உயிரோடு கிடப்பதுதான் வில்லங்கம். நல்ல மெஷின் ஒரு ரெஸ்டுக்கு இருபது நிமிடம் எடுக்கும். இதுவோ பத்து செக்கனில் ஃபெயில் பண்ணிவிட்டு அடுத்ததைக் கேட்கும். ஒருமுறை வரிசையில் நின்ற அத்தனை வேலையையும் ஒன்றே விழுங்கிவிட்டது. காலையில் வந்த பெடியள் தங்கள் கோடில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

பிறகு பிங் பண்ணுங்கள், அதாவது நெட்வேர்க்கில் அதைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் போய் வயரையும் லைட்டையும் பாருங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயோஸில் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருளில்) ஒருமுறை மாற்றிவிட்டால் அந்த நடை மிச்சம்.

தூரத்திலிருந்து உள்ளே போகும் எஸ்எஸ்எச் திறந்தால் 'டிஎஃப் -எச்' (df -h) அடியுங்கள், டிஸ்க்கில் மிச்ச இடம் தெரியும். பெரும்பாலும் பழைய டொக்கர் இமேஜ்கள் (ரெஸ்ட் ஓட இறக்கிய மென்பொருள் பொதிகள்) டிஸ்க்கை நிரப்பியிருக்கும். இடம் இருந்தும் எழுத முடியாவிட்டால் 'டிஎஃப் -ஐ': குட்டி லொக் கோப்புகள் ஐநோட்டை (கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவு இடத்தை) தின்று முடித்திருக்கும்.

என்னை அரை நாள் மினக்கெடுத்தியது ஐந்தாம் மெஷின். பிங் சரி, டிஸ்க் சரி, கோடை இறக்கும் கிட் மட்டும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் பிழை. கடைசியில் 'டேட்' அடித்தேன்: மூன்று வருடம் பின்னுக்கு நின்றது. மதர்போர்ட் பற்றரி செத்து, கரண்ட் போனதும் நேரம் மறந்துவிட்டது. அந்தத் திகதிக்கு எங்கள் சேர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. நெட்வேர்க் வழியாக நேரத்தைத் திருத்தும் என்டிபிடியும் கைவிட்டது. '-ஜி' போடாமல் ஓடவிட்டால், 1000 செக்கனுக்கு மேல் வித்தியாசம் கண்டதும் அது நின்றுவிடும். டவுனில் மணிக்கூடு திருத்துகிற ஐயாவிடம் சிஆர்2032 பற்றரி ஒன்று கேட்டேன். "எந்த மணிக்கூட்டுக்குத் தம்பி?" என்றார்.

அரை மணித்தியாலத்தில் காரணம் பிடிபடாவிட்டால் நான் குளோன்சில்லா இமேஜை (முன்பே எடுத்துவைத்த முழு டிஸ்க் நகலை) திரும்ப ஏற்றிவிடுவேன். அதற்குப் பிறகும் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி (வாசிக்கலாம், எழுத முடியாது) ஆனால், சரி, டிஸ்க்கையே மாற்றுங்கள்.

ஒன்லைன் ஆக்குமுன் இரண்டு ரெஸ்ட் ஓட்டுங்கள்: கட்டாயம் பாஸ் ஆக வேண்டியது ஒன்று, கட்டாயம் ஃபெயில் ஆக வேண்டியது ஒன்று. இரண்டாவதும் பாஸ் ஆனால் மெஷின் இன்னும் சுகமில்லை.