எம்.பி. தலையாட்டினால் ஏமாறாதீர்கள்

"குழந்தைகளின் வறுமையை ஒழிக்க வேண்டும்" என்று எந்த எம்.பி.யிடம் போய்ச் சொன்னாலும் மறுக்க மாட்டார். இதற்காகக் குரல் கொடுக்கும் உங்களுக்குச் சிக்கலே அங்கேதான். பிரிட்டனின் தொண்டு அமைப்புகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1999இல் பிரதமர் டோனி பிளேர், ஒரு தலைமுறைக்குள் ஒழித்துக்காட்டுவதாக வாக்களித்தார். 2010இல் இலக்குகளோடு சட்டமே வந்தது. ஆட்சி மாறியது, 2016இல் அந்த இலக்குகளைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்துவிட்டார்கள். சட்டம் வந்துவிட்டதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பெரிய தவறு.

அதைவிடப் பெரியது, எதை மாற்ற வேண்டும் என்று குறிப்பிடாமல் மொட்டையாகக் கேட்பது. 'இரண்டு குழந்தை வரம்பு' என்றொரு விதி அங்கே இருந்தது. 2017 ஏப்ரல் 6 முதல் பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கு, சில விலக்குகள் தவிர, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகையில் பங்கு கிடையாது என்றது அது. "இந்த விதியை நீக்குவீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்டால் வெறுமனே தலையாட்டித் தப்ப முடியாது. 2024 ஜூலையில் அதை நீக்கக் கோரி வாக்களித்த 7 லேபர் எம்.பி.க்களை அவர்கள் கட்சியே இடைநீக்கம் செய்தது. அதே கட்சியின் அரசு 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் விதியை நீக்குவதாக அறிவித்தது.

"குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்ற வாசகத்தையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். அப்படியானால் பாவம் செய்தது பெற்றோரா என்ற கேள்வி பின்னாலேயே வரும். அங்கே வறுமையில் வாடும் குழந்தைகளில் பெரும்பாலோரின் வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகிறார். அழும் குழந்தையின் படத்தைவிட இந்தத் தகவல் வேலை செய்யும். 2020இல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் எம்.பி.க்களுக்கு எழுதிய கடிதத்தில் தன் தாய் உழைத்த உழைப்பைச் சொன்னார். கோடை விடுமுறையிலும் ஏழை மாணவர்களுக்கு உணவு வேண்டும் என்று ஒன்றை மட்டும் கேட்டார். மறுநாளே அரசு இறங்கிவந்தது.

எண்களில் கவனம். நாட்டின் நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது ஒப்பீட்டு வறுமை. 'முழுமையான வறுமை' என்று, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வருமானத்தை அடிப்படையாக வைத்த இன்னொரு அளவுகோலும் உண்டு. வாடகை போன்ற வீட்டுச் செலவைக் கழித்த கணக்கு, கழிக்காத கணக்கு என்றும் இரண்டு. கலந்து பேசினால் அமைச்சர் பிடித்துக்கொள்வார். சரியாகப் பேசினால் நீங்கள் அவரைப் பிடிக்கலாம்: 2020இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் சொன்ன வறுமைக் கணக்கு தவறு என்று தொண்டு அமைப்புகள் புகார் செய்தன, புள்ளிவிவர ஒழுங்குமுறை அலுவலகம் அதை ஏற்றது.

கட்சிக்கு ஓட்டுக் கேட்காதீர்கள். அங்கே தொண்டு நிறுவனச் சட்டம் அதை அனுமதிக்காது. கொள்கைக்காகக் குரல் கொடுக்கத் தடையில்லை.

வென்றதும் கூடாரத்தைப் பிரித்துவிடவும் வேண்டாம். ஒரு குடும்பம் மொத்தமாக இவ்வளவுதான் உதவித்தொகை பெறலாம் என்ற உச்சவரம்பு 2013இலிருந்து இருக்கிறது. மூன்றாவது குழந்தைக்கு வரும் பணம் சில வீடுகளில் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும்.