24 மெகாபிக்சல் பாடியும் 18-55 கிட் லென்சும்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நல்ல கோடை வெயிலில் போகும். அங்கே கேமராவுடன் சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்சைக் குறை சொல்லவே இடமில்லை. லென்ஸ் திறப்பை எஃப்/8 (எண் கூடினால் திறப்பு சிறிதாகும்) வைத்தால் ஓரங்கள்கூடக் கூர்மை. சிக்கல் போர்ட் லூயி சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் மண்டபத்துக்குள்தான்: 55 மி.மீ.யில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் வந்தன.

பழுது கேமரா பாடியிலா லென்சிலா என்று முதலில் பிரித்துப் பார்த்தேன். ட்ரைபாடில் பூட்டி, ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் வைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, எஃப்/5.6, 8, 11 மூன்றிலும் எடுத்தேன். நடுப்பகுதி மூன்றிலும் தெளிவு, 5.6இல் மூலைகள் மட்டும் சற்று மங்கல். ஆக லென்சில் பழுதில்லை, வெளிச்சம்தான் போதவில்லை. 55 மி.மீ.யில் லென்சின் திறப்பு அதிகபட்சம் எஃப்/5.6தான். 1/250 நொடி ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) 6400 வரை ஏற்ற வேண்டியிருந்தது. ஜேபெக் படத்தில் நாய்ஸை (ஐஎஸ்ஓ ஏறும்போது தெரியும் புள்ளிகளை) அழிக்கும் கேமரா, தோலின் நுணுக்கத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

50 மி.மீ. எஃப்/1.8 லென்சை மாட்டினேன். எஃப்/2இல் வெளிச்சம் ஏறக்குறைய 8 மடங்கு. ஐஎஸ்ஓ 800 போதும். கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு என்பதால் ஃபோகஸ் புள்ளி கண்ணில்தான் விழ வேண்டும். கிட்டை விற்காதீர்கள், ஊர்வலத்துக்கு அதன் 18 மி.மீ. அகலம் மிகவும் உதவும்.

ஆனால் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடியில், சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கான இந்தக் கிட் லென்சை மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதிதான் பயன்படும். படம் 10 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும்.