ஒரு பூவரசுக்கு ஒரு ரோல்: மீடியம் ஃபார்மேட்டில் மரம் எடுக்கப் பழகலாம்

முதல் ரோலை ஒரே மரத்துக்குக் கொடுங்கள். மீடியம் ஃபார்மேட்டுக்கான அகல ஃபிலிம் 120. அதில் 6×6 செ.மீ. சதுரப் படம் எடுக்கும் கேமரா தருவது 12 படங்கள்தான். மரத்துக்கு ஒன்று என்று பங்கு போட்டால் எந்த மரத்தையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் மரம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பூவரசு. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஒரு பெரிய கிளை போனது, மரம் நின்றது. கேமரா யாஷிகா மேட் 124ஜி, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ளது. ஃபிலிம் ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை.

ரோல் ஃப்ரிட்ஜில் இருந்தால் முந்தின இரவே வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஜில்லென்ற ஃபிலிமைப் பிரித்தால் வியர்த்துவிடும். நிழலில் நின்றே மாட்டுங்கள். புது ரோல் கீழே, காலி ஸ்பூல் மேலே. ஃபிலிமின் பின்னால் சுற்றியிருக்கும் காகிதத்தில் உள்ள அம்புக்குறி கேமராவின் அடையாளத்துக்கு நேராக வந்ததும் மூடிவிட்டு, கைப்பிடி தானாக நிற்கும்வரை சுற்றுங்கள்.

காலை ஆறரைக்கே போய்விடுங்கள். கடற்காற்று கிளம்பிவிட்டால் இலைகள் அசைந்துகொண்டே இருக்கும். தவிர, அந்த நேரத்தில் வெயில் கிழக்கே கடல் பக்கமிருந்து சாய்வாக வரும். வடக்கு அல்லது தெற்குப் பார்த்து நின்றால் மரப்பட்டையின் ஒவ்வொரு வரியும் எழுந்து தெரியும்.

ட்ரைபாடில் வைத்து மேலிருந்து கண்ணாடியில் குனிந்து பாருங்கள். இடம் வலமாகத் தெரியும். பாதி ரோலுக்குள் கை பழகிவிடும். உச்சியைப் பிடிக்கக் கேமராவை அண்ணாத்தினால் அடிமரம் மேலே குறுகிச் சாயும். மட்டமாக வைத்துப் பின்னால் நகருங்கள். பட்டையை நெருங்கி எடுக்கும்போது ஒரு விஷயம்: நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ், படம் எடுப்பது கீழ் லென்ஸ். ஃப்ரேம் அமைத்த பிறகு இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்குக் கேமராவை உயர்த்துங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. லைட் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பல், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். மரத்தோடு வானமும் சேர்ந்தால் வான வெளிச்சத்தில் ஏமாந்து, அடிமரத்தைக் கரியாக்கிவிடும். என் முதல் ரோல் முழுக்க அப்படித்தான் போனது. கிளை முறிந்த தழும்புகூடத் தெரியவில்லை, மனசு விட்டுப்போனது. அதனால் மரத்தின் அருகில் போய், விவரம் தெரிய வேண்டிய மிக இருண்ட இடத்தை மட்டும் அளந்து பாருங்கள். அங்கே அப்பர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/60 என்று காட்டினால் அப்படியே வைத்தால் நிழல் வெளிறிவிடும். இரண்டு ஸ்டாப் குறைத்து எஃப் 8, 1/125 வையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). இருட்டு இருட்டாகவே இருக்கும், அதற்குள் பட்டையின் வரியும் தெரியும். சந்தேகமென்றால் ஒரு ஸ்டாப் கூட்டி இன்னொன்று எடுங்கள். நெகட்டிவ் அதைத் தாங்கும், வெளிச்சம் போதாததைத்தான் தாங்காது.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரம், அப்பர்ச்சர், ஷட்டர் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பன்னிரண்டாவது முடிந்ததும் மிச்சக் காகிதத்தையும் சுற்றி, நிழலில் திறந்து, ரோல் தளராமல் இறுக்கி, அதன் முனையில் உள்ள ஒட்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். கழுவக் கொடுக்கும்வரை வண்டிப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள், வெயிலில் வெந்துவிடும்.