மறதி நோய் வந்த அம்மாவுக்கு இல்லம் தேடுகிறீர்களா? சாயங்காலம் 5 மணிக்குப் போய்ப் பாருங்கள்

எங்கள் வீட்டில் நான்கு மாதத்தில் மூன்று ஹோம் நர்ஸ் மாறினார்கள். மூன்றாவதாக வந்த பெண் தீபாவளிக்கு ஊருக்குப் போனதோடு சரி. அதற்கு அடுத்த வாரம், விடியற்காலை 3 மணிக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டு, தோளில் கைப்பையோடு கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதாம். அவள் ஓய்வு பெற்று 21 வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் அண்ணனும் நானும் இல்லம் பார்க்கலாம் என்று வாய்விட்டுப் பேசினோம்.

11 இடம் பார்த்தோம். முதல் ஐந்தாறு இடங்களைப் பார்த்தவிதமே தப்பு. அதனால்தான் இந்தப் பதிவு. நான் இருப்பது சென்னை என்பதால் எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் இருக்கும்.

படி 1: முதலில் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

இல்லங்களின் வெப்சைட்டைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மறதி நோய், டாக்டர்கள் சொல்லும் டிமென்ஷியா, ஒரே நோய் அல்ல. அல்சைமர் ஒரு வகை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கெடுவதால் வருவது ஒரு வகை, லூயி பாடி என்று ஒரு வகை. இதில் எது என்று நியூராலஜிஸ்ட்டிடமோ மனநல மருத்துவரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது லூயி பாடியில் சகஜம். அந்த நோயாளிகளைச் சமாளிக்க யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிட்டால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயின் பெயர் ஃபைலில் இருந்தால் மட்டும் போதாது, இல்லத்தில் மாத்திரை கொடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. போன வாரம் வரை நன்றாகப் பேசியவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறிவிட்டார் என்றால், இல்லம் தேடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வயதானவர்களுக்கு ஒரு யூரின் இன்ஃபெக்ஷனோ, ரத்தத்தில் சோடியம் குறைவதோ போதும், இப்படிக் குழம்பிப்போக. சரிசெய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குப் பக்கத்திலாவது வருவார்கள். அந்தக் குழப்பத்தைப் பார்த்துவிட்டு நிரந்தர முடிவு எடுக்காதீர்கள்.

மற்றபடி அந்தப் பக்கத்தில் தினப்படி விஷயம் இருக்கட்டும். ராத்திரி எழுந்து நடப்பாரா, பாத்ரூம் போகத் துணை வேண்டுமா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, கோபம் வந்தால் கை ஓங்குவாரா. இதையெல்லாம் மறைத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். பத்தாவது நாளே "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும்.

படி 2: போனிலேயே பாதியைக் கழித்துவிடலாம்

சாதாரண முதியோர் இல்லம் வேறு, மறதி நோய்க்கான இல்லம் வேறு. முதலாவதில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் எடுப்பார்கள். விளம்பரத்தில் எல்லாரும் "டிமென்ஷியா கேர் உண்டு" என்றுதான் போடுவார்கள். போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த நிலைமை வந்தா நீங்க வச்சுக்க மாட்டீங்க?" மூக்கில் டியூப் போட்டால், படுத்த படுக்கையானால், ராத்திரியில் சத்தம் போட்டால் என்று நேராகப் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம், முதல்ல வந்து இடத்தைப் பாருங்க" என்றால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.

நம்பர்கள் எங்கே கிடைக்கும்? வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவும், 1992-ல் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற தேசிய அல்சைமர் அமைப்பின் கிளையும் இந்த நோய்க்காகவே வேலை செய்கின்றன. முதியோருக்கான மத்திய அரசின் உதவி எண் எல்டர்லைன் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை இலவசம். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. இடங்கள் அந்த அளவுக்கு இல்லை. அவசரம் வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே தேட ஆரம்பித்தால் நல்லது. நாங்கள் ஆரம்பிக்கவில்லை.

படி 3: இரண்டு தடவை போங்கள், இரண்டாவது தடவை சாயங்காலம்

காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். குளித்து, பவுடர் போட்டு, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருந்த ஓர் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்கு நாங்கள் போய்விட்டோம். அண்ணிதான் "எதுக்கும் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

மறதி நோய்க்காரர்களுக்குப் பொழுது சாயும் நேரம் ஒரு கண்டம். வெளிச்சம் குறையக் குறைய பதற்றம் கூடும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள். அதே நேரத்தில்தான் இல்லத்தில் ஷிப்ட் மாறும், டீ போடுவார்கள், ஆள் குறைவாக இருக்கும். ஓர் இல்லத்தின் தரம் தெரிவது 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில்.

மீன் தொட்டி இல்லத்துக்கு 5:30-க்குப் போனேன். ஹாலில் 20 பேருக்கு மேல் டிவி முன்னால் இருந்தார்கள். இரண்டே பணிப்பெண்கள், இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன், ஒன்பது தடவை. பத்தாவது தடவை நானே எழுந்துபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பார்த்தது ஒரு பழைய வீடு. திண்ணை வைத்தது, பெயின்ட் உரிந்தது. கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா, கையில் மஞ்சள் பை. "ஊருக்குப் போகணும், கேட்டைத் திற." பணிப்பெண் பக்கத்தில் வந்து நின்றார். "எந்த ஊரும்மா?" "மன்னார்குடி." "பஸ் இன்னும் வரலியேம்மா. அதுவரைக்கும் இந்தக் கீரையை ஆய்ஞ்சு தர்றீங்களா? எனக்கு ஒண்டியா முடியல." அந்த அம்மா பையைக் கக்கத்தில் இடுக்கியபடியே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் பை தரையில் இருந்தது. பொய்தானே என்று கேட்டால், ஆமாம், பொய்தான். "இதான் உங்க வீடு, பேசாம உக்காருங்க" என்ற அதட்டலைவிட அது மேல் என்பது என் கட்சி.

அந்த இடத்தில்தான் அம்மாவைச் சேர்த்தோம்.

போகும்போது வேறு என்ன பார்ப்பது? நகம் வெட்டியிருக்கிறதா, கண்ணாடி அவரவர் முகத்தில் இருக்கிறதா, மூத்திர வாடை எப்போதோ ஒரு மூலையில் வருகிறதா அல்லது மெத்தையிலேயே ஊறிப்போய் இருக்கிறதா. படுக்கையில் இருந்து பாத்ரூம் கதவு கண்ணுக்குத் தெரிகிறதா (தெரியாவிட்டால் போக மறந்துவிடுவார்கள்). காபி எதில் தருகிறார்கள் என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். என் அம்மாவுக்கு டம்ளர் டபரா இல்லாமல் காபி கொடுத்தால் அது காபி என்றே தெரியாது. பிளாஸ்டிக் கப்பில் வைத்தால் ஆறி ஏடு படிந்து அப்படியே இருக்கும். குறிப்பேட்டில் "குடிக்க மறுத்தார்" என்று எழுதுவார்கள்.

பேச்சு முக்கியம். நிறைய இல்லங்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். பொறுமையில் பலர் நம்மை மிஞ்சுவார்கள். ஆனாலும் தமிழ் மட்டுமே தெரிந்த, அதுவும் வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிற அம்மாவுக்கு, "வலிக்குது" என்பது புரிகிற ஓர் ஆளாவது ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும். ராத்திரி ஷிப்டிலும்.

படி 4: ராத்திரியையும் மாத்திரையையும் பற்றிக் கேளுங்கள்

"மொத்தம் எத்தனை ஸ்டாஃப்" என்று கேட்காதீர்கள். டிரைவர், சமையல்காரர், அக்கவுன்டன்ட் எல்லாரையும் கூட்டிச் சொல்வார்கள். "ராத்திரி 2 மணிக்கு விழித்திருப்பவர் எத்தனை பேர், அவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள்" என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை, படுக்கைப்புண் வராமலிருக்க, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வழக்கமாகச் சொல்லும் அளவு இரண்டு மணி நேரம். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் அது காலையில் உட்கார்ந்து எழுதியது.

மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரைகள் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை கொடுத்தது. சில நேரம் அவை தேவைப்படும், என் அம்மாவுக்கும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், ஆள் பற்றாக்குறை அல்ல. "புது மாத்திரை ஆரம்பிக்கும் முன் எங்களுக்குத் தெரிவிப்பீர்களா" என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மதியம் 3 மணிக்கு மொத்த இல்லமும் வாய் பிளந்து தூங்கினால் அந்த இடம் வேண்டாம்.

கட்டிவைப்பது பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடை செய்கிறது. வேறு விதமாகக் கட்டுப்படுத்துவதற்கும் உடனடி ஆபத்தும் மனநல மருத்துவரின் ஒப்புதலும் இருக்க வேண்டும். "சேலையால லேசா கட்டுவோம், விழக் கூடாதுல்ல" என்று ஓரிடத்தில் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

படி 5: காகிதமும் காசும்

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாதக் கட்டணத்தில் எது சேரவில்லை என்று எழுதி வாங்குங்கள். டயப்பர் மட்டும் ஒரு நாளைக்கு 5 என்றால் மாதத்துக்கு 150 ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருப்பது யார், அந்த நாட்களுக்கும் கட்டணம் உண்டா, இரண்டாவது வாரமே திரும்ப அழைத்துக்கொண்டால் அட்வான்ஸில் எவ்வளவு வரும் என்பதும் இருக்கட்டும்.

பணம் அம்மாவின் கணக்கில் இருந்து வரப்போகிறது என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. பிறகு கோர்ட் வழியாகக் காப்பாளர் நியமனம்தான். அம்மாவுக்குப் புரிந்து கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே கணக்குகளைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது பற்றி வங்கியிலும் வக்கீலிடமும் பேசிவிடுங்கள்.

படி 6: கொண்டுபோய் விடும் நாள்

காலையில் விடுங்கள். சாயங்காலம் வேண்டவே வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். புதுப் புடவை, புது பெட்ஷீட் வாங்காதீர்கள். பழைய போர்வை, பழைய சாமி படம், அவருடைய டம்ளர் டபரா. முதலில் எழுதிய அந்த ஒரு பக்கத்தோடு இன்னொரு பக்கமும் கொடுங்கள், அது அம்மா யார் என்பது. நாங்கள் எழுதியதில் சில வரி: "கணக்கு டீச்சர். டீச்சரம்மா என்று கூப்பிட்டால் திரும்புவார். குளிக்க வர மறுத்தால், ஸ்கூலுக்கு மணி அடிச்சாச்சு என்று சொல்லுங்கள்."

முதல் சில வாரம் மோசமாகத்தான் இருக்கும். இடம் மாறினால் குழப்பம் கூடும், சாப்பாடு குறையும். சித்தி போனில், "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டு உனக்கு எப்படிடி தூக்கம் வருது?" என்றார். அன்றைக்கு நான் ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஆறு மணி நேரம் தூங்கியிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

சேர்த்த பிறகும் சரிபார்ப்பதை விடாதீர்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேறு நேரத்தில் போங்கள். போகும்போது ஒரு சீப்பும் தேங்காய் எண்ணெயும் எடுத்துப்போகிறேன். தலை வாரிவிடும் சாக்கில் பின்கழுத்தையும் காதோரத்தையும் பார்த்துவிடலாம். காலுக்கு எண்ணெய் தடவும்போது குதிகாலைத் திருப்பிப் பார்ப்பேன். படுக்கைப்புண் அடிக்கடி கிளம்பும் இடங்களில் அதுவும் ஒன்று. நம் நிறத்தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, அந்த இடம் கறுத்தோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை இடது குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கெட்டியாக இருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி தூக்கி வைத்தார். இந்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.